ஒன்றேகால் அங்குலம்

ஜூலை 3, திங்கள்

எனக்குக் கண் மங்கிவிட்டது என்று நேற்று பூசை முடிந்தபின் கோயில் வாசலில் பேசியிருக்கிறார்கள். தவறு. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒன்பதாம் நம்பர் ஊசியில் கண்ணாடி போடாமல் நூல் கோர்க்கிறேன். இன்று காலை மூன்று தடவை கோர்த்துப் பார்த்தேன். மூன்றும் முதல் முயற்சியிலேயே நுழைந்தன.

செய்தி கொண்டுவந்தவள் சந்தனமாரி. என் வீட்டில் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பவள், பட்டன் வைப்பவள், ஊர்ப் பேச்சைச் சுமப்பவள்.

"கண்ணு போயிட்டுன்னு சொல்லுதாவ டீச்சர். நான் விட்டுக்குடுக்கல. கண்ணெல்லாம் நல்லாருக்கு, காதுதான் கொஞ்சம்னேன்."

சொன்னது ஜெனோவாவாம். கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்ப்பவள். அவள் மகள் மெர்லிட்டா எட்டாம் வகுப்பு. அந்தப் பெண்ணுக்கு நான் தைத்த பாவாடை கோணலாக நிற்கிறதாம், வலப்பக்கம் ஏறி, இடப்பக்கம் இறங்கி. அசெம்பிளியில் எல்லாரும் பார்க்கிறார்களாம்.

முப்பத்தொரு வருடம் கான்வென்டில் தையல் டீச்சர். ஓய்வு பெற்ற பதின்மூன்று வருடமாக அதே பள்ளிப் பெண்களுக்குச் சீருடை தைக்கிறேன், வருடத்துக்கு நூற்றுப் பத்துப் பேருக்கு. பாவாடை விளிம்பு கோணல் என்று ஒரு தாயும் இதுவரை என் வாசலுக்கு வந்தது கிடையாது. வரிசையில் நிற்கும்போது விளிம்புகள் கோடு கிழித்ததுபோல் நிற்கும். மதில் கம்பி வழியாக நானே போய்ப் பார்ப்பதுண்டு.

என் கணவர் ஆன்டன் இருந்தால் சிரித்திருப்பார். ஹில்டா மோத்தா வெட்டிய துணி கோணலாக இருந்தால் பூமிதான் சாய்ந்திருக்கும் என்பார். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. அவர் சொல்லாததை நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 4, செவ்வாய்

மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தது. ஜெனோவா வரவில்லை.

ஜூலை 5, புதன்

வந்தாள். ஆபீஸ் முடிந்து நேராக, கைப்பையோடு. பாவாடையை என் வெட்டு மேசையில் விரித்து, இரண்டு பக்கத் தையலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, டேப்பை என் கையிலிருந்தே வாங்கி வைத்துக் காட்டினாள்.

"வலப்பக்கம் முக்கால் இஞ்ச் கூட இருக்கு டீச்சர். நீங்களே பாருங்க."

பார்த்தேன். முக்கால் அங்குலம்தான். குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

"வயசாவுதுல்லா. நான் குத்தமாச் சொல்லல. எல்லாத்துக்கும் ஒரு கடைசி நாளுன்னு இருக்கு."

பாவாடையை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். சந்தனமாரி பட்டனைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவதுபோல் மேசைக்கு அடியிலேயே இருந்தாள்.

அந்த முக்கால் அங்குலம் நான் வேண்டுமென்றே வைத்தது. மெர்லிட்டாவின் வலது இடுப்பு இடதைவிட உயர்ந்திருக்கிறது. உயர்ந்த பக்கத்துக்குத் துணி கூடுதலாக விட்டால்தான் கீழே விளிம்பு நேராக நிற்கும். போன வருடமும் அரை அங்குலம் விட்டேன். ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. நல்ல தையல் என்றால் அதுதான்.

ஏன் இதை ஜெனோவாவிடம் சொல்லவில்லை என்று எழுதி வைக்கிறேன். போர்டிங்கில் எனக்குப் பதினாறு வயதில் டேப்பைக் கழுத்தில் போட்டுவிட்ட மதர் குளோடில்டா முதல் நாள் சொன்னது: அளவெடுப்பவளின் வாய் தைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு தோள் தாழ்ந்திருக்கும், ஒரு மார்பு சிறுத்திருக்கும், முதுகு வளைந்திருக்கும். டேப்புக்குத் தெரியும், துணி மறைக்கும், வாய் திறக்காது. இந்த ஊரில் பாதிப் பெண்களின் உடம்பு எனக்குத் தெரியும். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் ஒரு சொல் சொன்னதில்லை. தாயிடம் மகளைப் பற்றியும் சொன்னதில்லை.

அந்த விதியைக் காப்பாற்றியதற்குத்தான் இப்போது குருடி என்ற பெயர்.

ஜூலை 6, வியாழன்

கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. முக்கால் விட்டும் விளிம்பு ஏன் ஏறி நிற்கிறது?

ஜூலை 8, சனி

தாயையும் மகளையும் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பதினொன்று பத்துக்கு வந்தார்கள்.

மெர்லிட்டாவைப் பாவாடை சட்டையோடு, வெறுங்காலோடு, தாழ்ந்த ஸ்டூலில் நிறுத்தினேன். ஏப்ரலில் அளவெடுத்ததற்கு இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறாள். வலப்பக்கம் அரை அங்குலம் ஏறித்தான் நின்றது. ஜெனோவா சொன்னதில் அது மட்டும் உண்மை.

"எந்தப் பக்கம் ஏறி நிக்குது?" என்று கேட்டேன்.

"வலப்பக்கம். அதத்தானே நானும் சொல்லுதேன்."

"எந்தப் பக்கம் துணி நீளம்?"

"வலப்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

துணி நீளமாக இருக்கும் பக்கம் கீழே அல்லவா தொங்க வேண்டும்? வெட்டியவளின் கண் கெட்டிருந்தால் வலப்பக்கம் இறங்கி நின்றிருக்கும். நீளமாக இருந்தும் மேலே போகிறதென்றால் அதை மேலே தூக்குவது துணி அல்ல. இதை நான் குரல் உயர்த்தாமல் சொன்னேன். ஜெனோவா படித்தவள். புரிந்துவிட்டது.

மெர்லிட்டாவின் இடது காலுக்கு அடியில் பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன். அரை அங்குலத்துக்கு மேல் அடுக்கியபோது இடுப்பு எலும்பு இரண்டும் சமமாயின. ஒரு கால் சற்றுக் கட்டை, அவ்வளவுதான், செருப்பில் ஒரு அட்டை வைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். சொல்லவும் வாய் எடுத்தேன். ஆனால் இடுப்பு நேரான பிறகும் தோள் நேராகவில்லை.

அப்போது என் கையிலிருந்த குண்டூசி டப்பா சரிந்து தரையெல்லாம் சிதறியது. மெர்லிட்டா ஸ்டூலிலிருந்து இறங்கி, காலை மடக்காமல் அப்படியே குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். நல்ல பிள்ளை. சட்டை முதுகில் இறுகியது. முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாக எழும்பி நின்றது, இடப்பக்கம் தட்டையாக இருந்தது.

முதலில் பார்த்தது ஜெனோவா. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றாள் மகள், குனிந்தபடியே. "பாவாட கிழிஞ்சிருக்கா?"

"இல்ல மக்கா. நீ பொறுக்கு."

பிறகு என்னிடம், புத்தகப் பை கனம், ஒரே தோளில் மாட்டுகிறாள், எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை என்றாள். நான் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். சரி என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க டீச்சர், ஒங்க கண்ணப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள்.

ஒப்புக்கொண்டாள். என் பெயர் நேரானது. மதியம் நெத்திலி வாங்கிப் பொரித்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

பூசையில் மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். கண் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

ஜெனோவா சாயங்காலம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். திருநெல்வேலியில் முதுகெலும்புக்கென்றே இருக்கும் ஒரு பெண் டாக்டர், பெயர் வெண்மதி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இரண்டு விஷயம். ஒன்று, இடது கால் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டை. பலருக்கும் அப்படி இருக்குமாம், ஷூவுக்குள் குதிகாலுக்கு ஒரு திண்டு போதுமாம். இரண்டாவது, முதுகெலும்பே வளைந்திருக்கிறது. கால் சமமான பிறகும் அந்த வளைவு போகாது. பையால் வந்ததல்ல, உட்காரும் விதத்தால் வந்ததல்ல, யாருடைய தப்பும் அல்ல. வளரும் வயதில், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, காரணம் தெரியாமலே வருகிறது. வலிக்காது. அதனால்தான் தெரிவதில்லை.

இருபத்து நான்கு டிகிரி வளைவு. டாக்டர் கணக்கில் அது இரண்டுங்கெட்டான். இன்னும் கொஞ்சம் கூடினால் உடம்பைச் சுற்றி ஒரு கடினமான பிளாஸ்டிக் கவசம் போட வேண்டும், குளிக்கும் நேரம் போக ஏறக்குறைய நாள் முழுக்க. அது வளைவை நிமிர்த்தாது, கூடாமல் தடுக்கும். வளர்ச்சி இருக்கும்வரைதான் அதனால் பயன். வளர்ந்து முடித்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. ரொம்பக் கூடிவிட்டால் ஆபரேஷன்.

வளைவு வேகமாகக் கூடுகிறது என்று தெரிந்தால் இன்றைக்கே கவசம், தெரியாவிட்டால் நாலு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. வேகம் தெரிய வேண்டுமென்றால் பழைய அளவு ஏதாவது வேண்டும். போன வருட உயரமாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். பள்ளி உடல்நலக் கார்டில் மூன்று வருடமும் ஒரே உயரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜெனோவாவுக்கு நாலு மாதம் காத்திருப்பதுதான் நிம்மதியாக இருக்கிறது. அவள் கணவன் டென்சில் கப்பலில் இருக்கிறான், டிசம்பரில்தான் வருவான். பதிமூன்று வயதுப் பெண்ணைக் கூண்டில் போட்டதுபோல் பள்ளிக்கு எப்படி அனுப்புவது, நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றாள். மாதா திருவிழாவும் வருகிறது.

அவள் போனபின் சந்தனமாரி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "உசரம், இடுப்பு, தோளு எல்லாம் ஒங்க நோட்டுல தேதி போட்டு இருக்குமே டீச்சர்."

பல்லால் நூல் கடிக்கக் கூடாது என்று அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது தையல் நோட்டு, ஆஸ்பத்திரி நோட்டு அல்ல என்றும் சொன்னேன்.

ஜூலை 15, சனி

அளவு நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி தூசி தட்டினேன். கரையான் இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் அரைப் பக்கம், சிவப்பு மையில் ஓரக்கோடு, பதினைந்து அளவு, தேதி, கையெழுத்து. இப்படி ஒரு நோட்டு இந்த மாவட்டத்தில் எந்தத் தையல்காரரிடமும் இருக்காது.

ஆறாம் வகுப்பு, மே மாதம்: மெர்லிட்டா, உயரம் நான்கடி ஏழு. இடுப்பிலிருந்து முழங்கால், வலம் இடம் சமம். ஏழாம் வகுப்பு, மே: நான்கடி எட்டரை. வலம் அரை அங்குலம் கூடுதல்.

எட்டாம் வகுப்புப் பக்கத்தை இன்று பார்க்கவில்லை. வேலை இருந்தது.

ஜூலை 18, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. எட்டாம் வகுப்புப் பக்கத்தை இன்றும் பார்க்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

மெர்லிட்டா பள்ளி விட்டு நேராக வந்தாள், பட்டன் அறுந்துவிட்டதென்று. பட்டன் அறுபட்டதல்ல, பிடுங்கியது. நூல் முனையைப் பார்த்தாலே தெரியும். நான் தைத்துக் கொடுத்தேன். சந்தனமாரி அன்று சீக்கிரம் போய்விட்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? நீங்க பொய் சொல்ல மாட்டீங்கல்லா?"

"மாட்டேன்."

"நான் கூனியாயிருவேனா?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதும் பொய்தான். டாக்டருக்குத் தெரியும், அவரிடம் கேள் என்றேன்.

"அவங்களுக்கும் தெரியலயாம். நாலு மாசம் பாக்கணுமாம். பாக்குறதுன்னா என்ன டீச்சர்? நான் தினமும் கண்ணாடியில பாக்கேன். பின்னால திரும்பிப் பாத்தா கழுத்து வலிக்கிதே ஒழிய ஒண்ணும் தெரிய மாட்டேங்கு." சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

போகும்முன் சுவரோடு நிறுத்தி உயரம் எடுத்தேன். ஐந்தடி அரை அங்குலம்.

அவள் போனபின் எட்டாம் வகுப்புப் பக்கத்தைத் திறந்தேன். ஏப்ரல் பதினேழு. உயரம் நான்கடி பதினொன்றே முக்கால். பதினோரு மாதத்தில் மூன்றேகால் அங்குலம், அதன் பிறகு மூன்று மாதத்தில் இன்னும் முக்கால். வலம் கூடுதல்: முக்கால் அங்குலம்.

முழுதாக எழுதிவிடுகிறேன். முக்கால் அங்குலத்துக்கு முன்னால் ஒன்றேகால் என்று எழுதி ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறது. என் கையெழுத்து, என் மை. பதின்மூன்று வருட நோட்டுகளில் அடித்து எழுதியது இந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

டேப் ஒன்றேகால் என்று காட்டியது. இரண்டு தடவை அளந்தேன், இரண்டு தடவையும் ஒன்றேகால். ஒரு வருடத்தில் அரையிலிருந்து ஒன்றேகாலா, எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஆகாது, இவள் இடுப்பை ஒடித்து அலட்சியமாக நிற்கிறாள் என்று தீர்மானித்தேன். "நேரா நில்லு, போர்டிங்கா இருந்தா ரூல்தடி முதுகுல இருக்கும்" என்று சொன்னேன். முடிந்தவரை நிமிர்ந்து நின்றாள். பிறகு என் யோசனைக்குச் சரியென்று பட்டதை எழுதினேன். அந்த அரை அங்குலம்தான் இப்போது அசெம்பிளியில் ஏறி நிற்கிறது.

ஜூலை 21, வெள்ளி

இப்படியும் யோசித்தேன்: உயரத்தையும் ஆறாம், ஏழாம் வகுப்பு அளவையும் ஒரு வெள்ளைத் தாளில் அழகாக எழுதிக் கொடுக்கலாம். எட்டாம் வகுப்புக்கு முக்கால் என்று போடலாம். நோட்டில் அப்படித்தானே இருக்கிறது.

எழுதியும் பார்த்தேன். அரைக்கு அடுத்து முக்கால் என்று பார்த்தால் எந்த டாக்டரும் பதற மாட்டார், மெதுவாகத்தான் கூடுகிறது என்பார். நாலு மாதம் காத்திருக்கச் சொல்வார். ஜெனோவாவும் அதைத்தான் விரும்புகிறாள். மாதத்துக்கு கால் அங்குலம் வளரும் பெண்ணுக்கு நாலு மாதம்.

தாளைக் கிழித்துப் போட்டேன். நகல் எதற்கு? நோட்டு இருக்கிறது.

ஜூலை 24, திங்கள்

ஜெனோவாவைப் போனில் கூப்பிட்டு, என்னிடம் பழைய அளவு இருக்கிறது, டாக்டரிடம் நானே காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மூன்று பேரும் காலை பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். ஜன்னலோர இடத்தை மெர்லிட்டா எனக்கு விட்டுக்கொடுத்தாள். ஜெனோவா வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீங்கள் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்று இரண்டு தடவை சொன்னாள். கையை எடுத்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

டாக்டர் வெண்மதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நகம் ஒட்ட வெட்டி, தலையை இழுத்துக் கட்டியிருந்தார். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இவ்வளவு ஒழுங்கான குறிப்பு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடையாது என்றார். என்னிடம் உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

மூன்று வருடப் பக்கத்துக்கும் அடையாளம் வைத்திருந்தேன். உயரத்தைப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டார். மெர்லிட்டா வயதுக்கு வந்து எத்தனை மாதம் என்று தாயிடம் கேட்டார். மூன்று மாதம். தலையசைத்தார். எட்டாம் வகுப்புப் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க ஒண்ணேகால்னு இருக்கு, அடிச்சிருக்கு. எது சரி?"

"ஒன்றேகால்தான் சரி."

"அளந்தப்ப சரியாத் தெரியலயோ?"

"நன்றாகத் தெரிந்தது, டாக்டர். இரண்டு தடவை அளந்தேன். கண் சரியாகத்தான் பார்த்தது. நான் அதை நம்பவில்லை. பிள்ளை ஒழுங்காக நிற்கவில்லை என்று நினைத்துக் குறைத்து எழுதினேன்."

டாக்டர் அதையும் தாளில் குறித்துக்கொண்டார். இடுப்பளவை மட்டும் வைத்துத் தான் முடிவெடுக்கப் போவதில்லை, ஆனால் சமமாக இருந்தது இரண்டே வருடத்தில் இவ்வளவு மாறியதையும் வளரும் வேகத்தையும் எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்த்தால் நாலு மாதம் காத்திருக்கத் தனக்கு மனசில்லை என்றார். கவசத்துக்கு இன்றே அச்சு எடுக்கலாம் என்றார். ஒழுங்காக நிற்பதைப் பற்றியும் சொன்னார். இந்தப் பெண் எத்தனை முயன்றாலும் அதற்குமேல் நேராக நின்றிருக்க முடியாது. இதை மெர்லிட்டாவைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

ஜெனோவா டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். போன வருடமே வந்திருந்தால்? அப்போது வளைவு சிறியதாக இருந்திருக்கும், கவனித்துக்கொண்டே வந்திருக்கலாம், ஏப்ரலிலேயே கவசம் போட்டிருக்கலாம், அதனால் எவ்வளவு வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்பவும் நேரம் இருக்கும்மா, அதப் பாருங்க என்றார்.

அச்சு எடுக்க மெர்லிட்டாவை உள்ளே கூட்டிப்போன பிறகு, வெளியே பெஞ்சில் ஜெனோவா என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"போன வருசமே ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏம் பிள்ள முதுகு கோணும்போது நீங்க பாவாடைய நேராக்கிட்டு இருந்திருக்கீங்க."

என்னிடம் பதில் இருந்தது. மதர் குளோடில்டாவின் விதி இருந்தது, ஐம்பத்தைந்து வருடப் பழக்கம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. அவள் சொன்ன வாக்கியத்தில் திருத்த எதுவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். எனக்குப் பின்னால் இடம் கிடைத்தது.

ஜூலை 26, புதன்

மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தில் ஜெனோவா என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்தாள். நான் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, சனி

திருவிழா. பச்சைப் பட்டுச் சேலை கட்டினேன். காஜா வேலை பாக்கி இல்லை. ஊரில் இப்போது வேறு பேச்சு: ஹில்டா டீச்சர் தெரிந்தே மறைத்தாள் என்று. இதைத் திருத்த நான் யாரிடமும் போகவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

கவசம் வந்துவிட்டதாம். சந்தனமாரி நான் கேட்காமலே சொன்னாள். ஆனால் நேற்று அவள் வந்ததும் வராததுமாக என்ன செய்தி என்று நான் கேட்டது உண்மைதான்.

அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை வெள்ளைப் பிளாஸ்டிக், பின்னால் மூன்று பட்டை. ஜெனோவா வேறொரு தையல்காரரிடம் பெரிய அளவில் பாவாடை சட்டை வாங்கியிருக்கிறாள். பாவாடை பட்டி கவசத்தின் மேல் வழுக்கி இறங்குகிறது, பெண் நாள் முழுக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். சட்டை இரண்டு இடத்தில் கவசத்தின் விளிம்பு பட்டுக் கிழிந்துவிட்டது. உள்ளே போடும் பனியனின் பக்கத் தையல் அழுத்தி, விலாவில் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. வலி தாங்காமல் மதியம் பாத்ரூமில் கழற்றி வைக்கிறாளாம், வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்கிறாளாம். தாய்க்குத் தெரியாது. தோழி ஒருத்திக்குத் தெரியும், தோழியின் அம்மாவுக்குத் தெரியும், ஆகவே சந்தனமாரிக்குத் தெரியும்.

வகுப்பில் ஒருத்தி டிபன் டப்பா என்று கூப்பிட்டாளாம். "ஆமா, உள்ள நல்ல அயிட்டம் இருக்கு, ஒனக்குக் கெடையாது" என்றாளாம் மெர்லிட்டா.

ஆகஸ்ட் 14, திங்கள்

தாய்க்குத் தெரியாது என்று ஒரு வருடம் ஒரு விஷயத்தை வைத்திருந்தவள் நான். இரண்டாம் தடவை வைத்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

பழைய பிளாஸ்டிக் தண்ணீர்க் குடத்தின் வாயையும் அடியையும் அறுத்து, கவசத்துக்குப் பதிலாக மேசைமேல் நிறுத்தி, அதன்மேல் துணி போட்டுப் பார்த்தேன். சந்தனமாரி குடத்துக்குப் பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். வேலையைப் பார் என்றேன்.

பட்டி வைத்தால் வழுக்கும். பட்டியே கூடாது. பாவாடையைத் தோள்வாரில் தொங்கவிட வேண்டும், வார் சட்டைக்கு உள்ளே போக வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் மற்றப் பெண்களின் பாவாடைபோலவே தெரிய வேண்டும். சட்டைக்குக் கவசத்தின் விளிம்பு படும் இடத்தில் உட்புறம் இரட்டைத் துணி. பனியனுக்குப் பக்கத் தையலே இல்லாமல் வளையமாக வரும் பின்னல் துணி, தோள் தையல் வெளிப்பக்கம். மூன்று தடவை பிரித்தேன். நான்காம் தடவை நின்றது.

நன்றாக நின்றது. இந்த ஊரில் வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது. இது பெருமை அல்ல, தகவல்.

ஆகஸ்ட் 19, சனி

இன்று சந்தனமாரி கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

அன்புள்ள ஜெனோவாவுக்கு,

மெர்லிட்டா பள்ளியில் மதியத்துக்கு மேல் கவசத்தைக் கழற்றி வைப்பதாக அறிகிறேன். பனியன் தையல் அழுத்தி விலாவில் புண் ஆகியிருப்பதே காரணம். அவளைத் திட்ட வேண்டாம். புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். போடாத மணிநேரம் கணக்கில் சேராது என்பதை அவர் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதைப் போன வருடமும் சொல்லவில்லை, ஏப்ரலிலும் சொல்லவில்லை. ஏப்ரலில் அளந்ததை மாற்றியும் எழுதினேன். செய்தது நான்தான். மன்னிக்கும்படி கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

கவசத்துக்குமேல் சரியாக நிற்கும்படி இரண்டு பாவாடை, மூன்று சட்டை, தையல் உறுத்தாத ஆறு பனியன் என்னால் தைக்க முடியும். மாதிரி தைத்துப் பார்த்துவிட்டேன். அதற்கு மெர்லிட்டாவைக் கவசத்தோடு ஒருமுறை அளக்க வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்று நான் எழுதும் ஒவ்வொரு அளவையும் பார்க்க வேண்டும், பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வளரும் பெண் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும், அப்போதும் அப்படியே. நேராக நிற்கும்படி அவளிடம் சொல்ல மாட்டேன்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுதி அனுப்பவும். வர விருப்பமில்லை என்றால் அதையும் எழுத்திலேயே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஹில்டா மோத்தா